சூப்பர் ஸ்மாஷ் பிரதர்ஸ் பிரால்

சூப்பர் ஸ்மாஷ் பிரதர்ஸ் பிரால் என்பது யப்பானிய நிறுவனமான நிண்டெண்டோ தனது வீ விளையாட்டு இயந்திரத்திற்காக 2008 ஆம் ஆண்டில் வெளியிட்ட சண்டை வகை நிகழ்பட ஆட்டம் ஆகும். சூப்பர் ஸ்மாஷ் பிரதர்ஸ் தொடரின் மூன்றாவது ஆட்டமான இதனை மசாகிரோ சகுராய் இயக்கினார். வெவ்வேறு ஆட்டத் தொடர்களைச் சேர்ந்த கதாபாத்திரங்கள் ஒரே களத்தில் மோதிக்கொள்வது இத்தொடரின் அடிப்படைக் கருத்து ஆகும். நிண்டெண்டோவுக்கு வெளியே பிறந்த கதாபாத்திரங்கள் இத்தொடரில் முதன்முதலில் இடம்பெற்றதும், இணையம் வழியாக விளையாடும் வசதி இத்தொடருக்கு முதன்முதலில் கிடைத்ததும் இவ்வாட்டத்திலேயே ஆகும்.

பிரால் என்னும் ஆங்கிலச் சொல் ஒழுங்கற்ற கைகலப்பைக் குறிக்கும். யப்பானில் இவ்வாட்டம் டாய்ரந்தோ ஸ்மாஷ் பிரதர்ஸ் எக்ஸ் என்ற பெயரில் வெளிவந்தது. முந்தைய ஆட்டம் வெளியாகி ஆறு ஆண்டுகளுக்கும் மேலாகக் காத்திருந்த ஆட்டக்காரர்களிடையே இது பெரும் எதிர்பார்ப்பை உண்டாக்கியது. வணிக அடிப்படையில் மிகுந்த வெற்றி பெற்ற போதிலும், புதியவர்களுக்கும் தேர்ந்தவர்களுக்கும் ஒரே ஆட்டம் பொருந்துமா என்ற விவாதத்தையும் இது தோற்றுவித்தது.

பின்னணி

இத்தொடரின் முதல் ஆட்டம் நிண்டெண்டோ 64 இயந்திரத்திற்காக 1999 ஆம் ஆண்டு சனவரியில் யப்பானில் வெளிவந்தது. அப்போது ஹால் ஆய்வகம் என்னும் நிறுவனத்தில் பணியாற்றிய சகுராய் அதன் வடிவமைப்பைச் செய்தார். பின்னாளில் நிண்டெண்டோவின் தலைவரான சதோரு இவாத்தா வார இறுதி நாட்களில் அதன் தொடக்க மாதிரிக்கு நிரல் எழுதினார். அம்மாதிரியில் நிண்டெண்டோ கதாபாத்திரங்கள் எவையும் இருக்கவில்லை. மாரியோ, லிங்க், பிகாச்சு, கிர்பி முதலிய பன்னிரு கதாபாத்திரங்களுடன் வெளிவந்த முதல் ஆட்டம் எதிர்பாராத வெற்றியைப் பெற்றது.

இரண்டாவது ஆட்டமான மெலே, கேம்கியூப் இயந்திரத்திற்காக 2001 ஆம் ஆண்டு நவம்பரில் வெளியிடப்பட்டது. இருபத்தாறு கதாபாத்திரங்களைக் கொண்டிருந்த அது 70 இலட்சத்திற்கும் மேற்பட்ட படிகள் விற்று, அவ்வியந்திரத்தில் மிகுதியாக விற்பனையான ஆட்டமாக விளங்கியது. மெலேயின் வேகமும், ஆட்டக்காரர்கள் தாமே கண்டறிந்த நுட்பங்களும் அதனைப் போட்டிகளுக்கு உரிய ஆட்டமாக மாற்றின. தரையை நோக்கி ஏய்ப்பு அசைவைச் செலுத்தி வழுக்கிச் செல்லும் வேவ்டாஷ் என்னும் உத்தி அந்நுட்பங்களுள் குறிப்பிடத்தக்கது ஆகும்.

உருவாக்கம்

சகுராய் 2003 ஆம் ஆண்டில் ஹால் ஆய்வகத்திலிருந்து விலகினார். 2005 ஆம் ஆண்டு மே மாதம் லாஸ் ஏஞ்சலஸ் நகரில் நடைபெற்ற ஈ3 கண்காட்சியின் போது, அக்காலத்தில் ரெவல்யூசன் என்ற குறிப்புப் பெயரால் அறியப்பட்ட வீ இயந்திரத்திற்கு ஒரு புதிய ஸ்மாஷ் பிரதர்ஸ் வரும் என்றும், அதனை இணையம் வழியாக விளையாட இயலும் என்றும் இவாத்தா அறிவித்தார். இவ்வறிவிப்புக்கு முன்னர் சகுராயிடம் எதுவும் கூறப்படவில்லை. உருவாக்கும் குழுவும் அப்போது அமைக்கப்பட்டிருக்கவில்லை.

அறிவிப்பின் பின்னர் இவாத்தா அதே நகரில் சகுராயைச் சந்தித்து, ஆட்டத்தை இயக்குமாறு கேட்டுக்கொண்டார். அவர் ஏற்காவிடில் மெலே ஆட்டத்தையே பெரிய மாற்றம் இன்றி, இணைய வசதியைச் சேர்த்து வெளியிட நேரும் என்றும் தெரிவித்தார். சகுராய் இசைந்தார். 2005 ஆம் ஆண்டின் பிற்பகுதியில் இதற்கெனத் தோக்கியோவில் ஓர் அலுவலகம் திறக்கப்பட்டது. கிராண்டியா III ஆட்டத்தை முடித்திருந்த கேம் ஆர்ட்ஸ் நிறுவனத்தின் பணியாளர்கள் பலர் இக்குழுவில் இணைந்தனர். சகுராயின் சோரா நிறுவனத்தின் பெயரில் பணி நடைபெற்றது.

வீ இயந்திரம் இதற்கு முன்னர் நிகழ்பட ஆட்டங்களையே தொட்டிராத குடும்பங்களுக்குள்ளும் நுழைந்த ஒன்றாகும். மெலே தேர்ந்தவர்களை நோக்கிச் சாய்ந்துவிட்டது என்று கருதிய சகுராய், முதன்முதலாக விளையாட வருபவரும் அச்சமின்றிச் சேர்ந்துகொள்ளும் ஆட்டத்தை உருவாக்க விரும்பினார். பிராலின் வேகம், ஈர்ப்பு விசை, கட்டுப்பாடுகள் ஆகிய அனைத்திலும் இம்முடிவின் தாக்கத்தைக் காணலாம்.

அறிவிப்பும் வெளியீடும்

ஆட்டத்தின் முதல் முன்னோட்டம் 2006 ஆம் ஆண்டு மே மாதம் ஈ3 கண்காட்சியில் காண்பிக்கப்பட்டது. அதன் இறுதியில் கொனாமி நிறுவனத்தின் மெட்டல் கியர் தொடரைச் சேர்ந்த சாலிட் ஸ்னேக் தோன்றியது பார்வையாளர்களை வியப்பில் ஆழ்த்தியது. அத்தொடரின் படைப்பாளர் ஹிடியோ கொஜிமா, ஸ்னேக்கை மெலே ஆட்டத்திலேயே சேர்க்குமாறு கேட்டிருந்தார். அப்போது பணி முடியும் தறுவாயில் இருந்ததால் அது இயலவில்லை.

2007 ஆம் ஆண்டு மே மாதம் தொடங்கி 2008 ஆம் ஆண்டு ஏப்ரல் வரை, ஆட்டத்தின் அதிகாரப்பூர்வ இணையத்தளத்தில் வார நாட்கள் தோறும் ஒரு புதிய செய்தி வெளியிடப்பட்டது. ஒரு நாள் ஒரு கதாபாத்திரமும், மறுநாள் ஓர் அரங்கமோ இசைத் துணுக்கோ அறிமுகம் ஆயின. 2007 ஆம் ஆண்டு அக்டோபரில், ஆட்டக்காரர்கள் மிகுதியாக வேண்டிய சேகா நிறுவனத்தின் சோனிக் சேர்க்கப்பட்டுள்ளமை அறிவிக்கப்பட்டது. 1990களில் நிண்டெண்டோவும் சேகாவும் கடும் போட்டியாளர்களாக இருந்ததனால், மாரியோவும் சோனிக்கும் ஒரே சண்டை ஆட்டத்தில் எதிரெதிரே நிற்பது பலருடைய நெடுநாளைய விருப்பமாக இருந்தது.

வட அமெரிக்க வெளியீடு முதலில் 2007 டிசம்பர் 3 என அறிவிக்கப்பட்டு, பின்னர் 2008 பெப்ரவரி 10 க்கும், அதன் பின்னர் மார்ச் 9 க்கும் தள்ளிவைக்கப்பட்டது. யப்பானிய வெளியீடும் ஒரு வாரம் தாமதமாயிற்று. வெளியீட்டு நாட்கள் பின்வருமாறு:

யப்பான் - 2008 சனவரி 31
வட அமெரிக்கா - 2008 மார்ச் 9
ஆத்திரேலியா - 2008 சூன் 26
ஐரோப்பா - 2008 சூன் 27
தென் கொரியா - 2010 ஏப்ரல் 29

ஆட்டத்தின் தரவுகள் மிகுதியாக இருந்தமையால் இது இரட்டை அடுக்கு இறுவட்டில் வெளியிடப்பட்டது. வில்லையில் தூசு படிந்திருந்த சில வீ இயந்திரங்களால் அவ்விறுவட்டைப் படிக்க இயலவில்லை. நிண்டெண்டோ அவ்வியந்திரங்களைக் கட்டணமின்றிச் சீர்செய்து கொடுத்தது.

விளையாடும் முறை

பெரும்பாலான சண்டை ஆட்டங்களில் ஒவ்வொருவருக்கும் ஓர் உயிர்ப்பட்டை இருக்கும். அது தீர்ந்தால் தோல்வி ஆகும். ஸ்மாஷ் பிரதர்ஸ் தொடரில் இம்முறை மாற்றப்பட்டுள்ளது. அடி வாங்கும் கதாபாத்திரத்தின் சேத விழுக்காடு சுழியத்திலிருந்து ஏறிக்கொண்டே போகும். விழுக்காடு உயர உயர, அடுத்த அடியில் அக்கதாபாத்திரம் மேலும் தொலைவுக்கு வீசப்படும். அரங்கத்தின் எல்லைக்கு அப்பால் வீசப்பட்டவர் ஓர் உயிரை இழப்பார். வீசப்பட்டவர் தாவியும் சிறப்பு அசைவுகளைப் பயன்படுத்தியும் அரங்கத்தின் விளிம்பைப் பற்றிக்கொள்ள முயலலாம். எனவே அடிப்பதைப் போன்றே மீண்டு வருவதும் இவ்வாட்டத்தில் முதன்மையான திறன் ஆகும்.

நீண்ட பொத்தான் வரிசைகளை மனனம் செய்யத் தேவையில்லை. ஒரு பொத்தான் இயல்பான தாக்குதலுக்கும், மற்றொன்று சிறப்புத் தாக்குதலுக்கும் உரியது. எத்திசையில் குச்சி சாய்க்கப்படுகிறதோ அதற்கேற்பத் தாக்குதல் மாறும். இவை தவிரக் கேடயம், பற்றி எறிதல், ஏய்த்தல் ஆகியன உள்ளன. ஒரே நேரத்தில் நால்வர் வரை விளையாடலாம்.

கட்டுப்பாட்டுக் கருவிகளில் நான்கு வகைகளுக்கு இடமளிக்கப்பட்டது. வீ ரிமோட்டைப் பக்கவாட்டில் பிடித்தும், அதனுடன் நன்சக்கை இணைத்தும், கிளாசிக் கருவியைக் கொண்டும், பழைய கேம்கியூப் கருவியைக் கொண்டும் விளையாட இயன்றது. மெலே ஆட்டத்தில் பழகியவர்கள் பெரும்பாலும் கேம்கியூப் கருவியையே தெரிவு செய்தனர்.

பிராலில் அறிமுகமான கூறுகளில் இறுதி ஸ்மாஷ் குறிப்பிடத்தக்கது. அவ்வப்போது ஒளிரும் பந்து ஒன்று அரங்கத்தில் மிதந்து வரும். அதனை உடைப்பவருக்கு ஒருமுறை மட்டும் பேராற்றல் கிடைக்கும். மாரியோ பெரும் நெருப்பை வீசுவார். சோனிக் பொன்னிற உருவம் பெற்றுப் பறக்கும். பந்து தோன்றியதும் நால்வரும் தம் சண்டையை விட்டுவிட்டு அதன் பின்னே ஓடுவது வழக்கமாதலால், பின்தங்கியவருக்கும் ஒரு வாய்ப்பு அமைகிறது. துணைக்கு ஒரு கதாபாத்திரத்தை அழைக்கும் உதவிக் கோப்பை, அரங்கங்களைத் தாமே கட்டும் வசதி, மூன்று நிமிடங்கள் வரையிலான ஆட்டங்களைப் பதிவுசெய்யும் வசதி ஆகியனவும் சேர்க்கப்பட்டன. மொத்தம் 41 அரங்கங்கள் உள்ளன. அவற்றுள் 10 மெலே ஆட்டத்திலிருந்து எடுக்கப்பட்டவை.

கதாபாத்திரங்கள்

தெரிவுத் திரையில் மொத்தம் 35 கதாபாத்திரங்கள் இடம்பெறுகின்றன. இவர்களுள் 21 பேர் தொடக்கத்திலிருந்தே கிடைப்பர். எஞ்சிய 14 பேரை விளையாடித்தான் பெற வேண்டும். ஸ்னேக், சோனிக் ஆகிய இரு விருந்தினர்களும் இப்பதினால்வருள் அடங்குவர்.

மெட்டா நைட், பிட், வாரியோ, ஐக், டிடி காங், லூக்காஸ், டெடெடெ அரசன், ஒலிமார் முதலியோர் புதிதாகச் சேர்ந்தவர்கள் ஆவர். ஒலிமார் பெரும்பாலும் வெவ்வேறு நிறங்களைக் கொண்ட பிக்மின் என்னும் சிற்றுயிர்களை ஏவிப் போரிடுகிறார். போக்கிமான் பயிற்சியாளர் மூன்று போக்கிமான்களை மாற்றி மாற்றிக் களமிறக்குகிறார். மெலேயில் இருந்த டாக்டர் மாரியோ, மியூட்டூ, ராய், பிச்சு, இளம் லிங்க் ஆகிய ஐவர் பிராலில் இடம்பெறவில்லை.

சப்ஸ்பேஸ் எமிசரி

தனியாகவோ இருவர் சேர்ந்தோ விளையாடக்கூடிய கதைப் பகுதி சப்ஸ்பேஸ் எமிசரி எனப்படுகிறது. பைனல் ஃபேன்டசி VII ஆட்டத்தின் கதையில் பணியாற்றிய கசுசிகே நொஜிமா இதன் கதையமைப்பில் பங்குகொண்டார். மிதக்கும் அரங்கொன்றில் மாரியோவும் கிர்பியும் மோதும் வேளையில் எதிரிகள் புகுந்து, அவ்விடத்தையே வேறொரு வெளிக்குள் இழுக்கும் குண்டை வைப்பதில் கதை தொடங்குகிறது. இவ்வுலகில் கதாபாத்திரங்கள் யாவரும் உயிர்பெற்ற சிலைகள் ஆவர். தோற்றவர் மீண்டும் சிலையாகிவிடுவார். ஒருவரையொருவர் அறியாத வீரர்கள் படிப்படியாக ஒன்றுசேர்ந்து தபூ என்னும் பகைவனை எதிர்கொள்கின்றனர். காட்சிகளில் உரையாடல் ஏறத்தாழ இல்லை. முகபாவனையாலும் அசைவாலுமே கதை சொல்லப்படுகிறது.

ஆட்டக்காரர்கள் முயன்று முன்னேறுவதற்கான பரிசாக இக்காட்சிகள் அமைக்கப்பட்டன. ஆனால் வெளியீட்டைத் தொடர்ந்து அவை அனைத்தும் இணையத்தில் பதிவேற்றப்பட்டு, விளையாடாதவர்களும் பார்க்கும் நிலை ஏற்பட்டது. இதனால் ஏமாற்றமடைந்ததாகச் சகுராய் பின்னர் தெரிவித்தார். இத்தொடரின் அடுத்த ஆட்டங்களில் இத்தகைய கதைப் பகுதி தவிர்க்கப்பட்டதற்கு இதுவும் ஒரு காரணம் ஆகும்.

இணைய வழி ஆட்டம்

நண்பர் குறியெண்களைப் பரிமாறிக்கொண்டவர்கள் தம்முள் இணையம் வழியாக விளையாட முடிந்தது. முன்பின் அறியாதவர்களுடனும் விளையாடலாம். எனினும் அவ்வாறு விளையாடும்போது பெயர் எதுவும் திரையில் தோன்றாது, வெற்றி தோல்விகளும் தரவரிசைப்படுத்தப்படுவதில்லை. தோல்வியின் சுமை புதியவர்களை விரட்டிவிடக் கூடாது என்ற எண்ணத்திற்கு இவ்வமைப்பு இசைவானது. எனினும் தாமதமும் இணைப்பு அறுந்துபோதலும் பரவலான குறைகளாகச் சுட்டப்பட்டன. ஆட்டம் அறிவிக்கப்பட்டபோதே முதன்மையாக எடுத்துரைக்கப்பட்ட இவ்வசதி 2014 மே 20 அன்று முடிவுக்கு வந்தது. அந்நாளில் நிண்டெண்டோ வீ இயந்திரத்திற்கான இணைய வழங்கிகளை நிறுத்தியது. அதன் பின்னர் ஆர்வலர்கள் நடத்தும் மாற்று வழங்கிகள் வாயிலாகவே இணையத்தில் விளையாட முடிகிறது.

இசை

ஆட்டத்தின் முதன்மை இசையை நொபுவோ உவெமட்சு அமைத்தார். அது இலத்தீன் மொழியில் குழுவினரால் பாடப்படுகிறது. யோகோ சிமொமுரா, யூசோ கொசிரோ, யசுனோரி மிட்சுதா உட்பட முப்பதுக்கும் மேற்பட்ட இசையமைப்பாளர்கள், பல்வேறு ஆட்டங்களின் பழைய மெட்டுகளை இதற்கெனப் புதிதாக அமைத்துக் கொடுத்தனர். ஒவ்வோர் அரங்கத்திலும் எம்மெட்டு எத்தனை முறை ஒலிக்க வேண்டும் என்பதை ஆட்டக்காரரே தீர்மானிக்கலாம்.

வரவேற்பு

யப்பானிய இதழான ஃபாமிட்சு பிராலுக்கு 40 க்கு 40 புள்ளிகள் வழங்கியது. விமரிசனங்களைத் தொகுக்கும் மெட்டாகிரிட்டிக் தளத்தில் இதன் மதிப்பெண் 100 க்கு 93 ஆகும். உள்ளடக்கத்தின் அளவு, இசை, நால்வர் சேர்ந்து விளையாடும்போது கிடைக்கும் மகிழ்ச்சி ஆகியன பாராட்டப்பட்டன. காட்சிகள் ஏற்றப்படுவதற்கு ஆகும் நேரமும் இணைய ஆட்டத்தின் குறைகளும் கண்டிக்கப்பட்டன. ஐக்கிய அமெரிக்காவில் முதல் வாரத்தில் 14 இலட்சம் படிகள் விற்றன. உலக அளவில் மொத்த விற்பனை 1.3 கோடியைத் தாண்டியது.

போட்டிகளும் விவாதமும்

மெலேயில் ஆண்டுக்கணக்கில் பயின்றவர்களுக்குப் பிரால் வேறுபட்ட ஆட்டமாகத் தோன்றியது. கதாபாத்திரங்கள் காற்றில் மெதுவாக மிதந்து இறங்கின. அடிபட்டவர் விரைவில் தன்னிலைக்கு மீள முடிந்ததால், தொடர்ச்சியாக அடிகளை அடுக்குவது அரிதாயிற்று. வேவ்டாஷ் போன்ற நுட்பங்கள் நீக்கப்பட்டன. தாக்குவதை விடக் காத்திருந்து எதிர்ப்பதே பயன் தருவதாக அமைந்தது.

மிகுதியாக எதிர்க்கப்பட்ட கூறு இடறி விழுதல் ஆகும். ஓடத் தொடங்கும் கதாபாத்திரம் ஏறத்தாழ நூற்றில் ஒரு முறை, எக்காரணமும் இன்றித் தடுமாறித் தரையில் விழும். வீட்டில் நால்வர் கூடி விளையாடும்போது இது நகைப்பை விளைவிக்கும். பரிசுக்காக நடக்கும் போட்டியின் இறுதிச் சுற்றிலோ, பல மாதப் பயிற்சியை ஒரு கணத்தில் வீணாக்கிவிடும். தடுப்பதற்கு ஆட்டக்காரர் செய்யக்கூடியது எதுவுமில்லை என்பதே இவ்வெதிர்ப்பின் சாரம் ஆகும்.

2008 ஆம் ஆண்டின் ஈவோ சண்டை ஆட்டப் போட்டியில் பிரால் சேர்க்கப்பட்டது. அங்கு ஆயுதங்களும் ஏனைய பொருட்களும் அனுமதிக்கப்பட்டமை சர்ச்சைக்கு உள்ளாயிற்று. ஏனைய பல போட்டிகளில் பொருட்கள் முற்றாக நீக்கப்பட்டு, இடையூறற்ற அரங்கங்கள் மட்டுமே பயன்படுத்தப்பட்டன. பிற கதாபாத்திரங்களை விட மெட்டா நைட் மிகவும் வலிமை வாய்ந்தது எனக் கண்டறியப்பட்டது. 2012 ஆம் ஆண்டில் அமெரிக்கப் போட்டி அமைப்பாளர்கள் பலர் அதனைத் தடைசெய்தனர். வேறு சிலர் தடையை ஏற்கவில்லை.

பிராலை மெலேயைப் போன்று விரைவானதாக மாற்ற விரும்பிய ஆர்வலர்கள் புரொஜெக்ட் எம் என்னும் மாற்றுப் பதிப்பை உருவாக்கினர். அதன் முதல் முன்மாதிரி 2011 ஆம் ஆண்டில் வெளிவந்தது. 2015 டிசம்பரில் அப்பணி கைவிடப்பட்டது. மறுபுறம், மெலே போட்டிகள் மறையவில்லை. மார்பகப் புற்றுநோய் ஆய்வுக்கான நிதி சேர்க்கும் போட்டியில் வென்று, 2013 ஆம் ஆண்டு ஈவோ போட்டியில் அது மீண்டும் இடம்பிடித்தது.

இவற்றைக் கொண்டு பிராலைத் தோல்வியுற்ற ஆட்டம் எனக் கூற இயலாது. மெலேயை விட ஏறத்தாழ இருமடங்கு மக்கள் இதனை வாங்கினர். அவர்களுள் பெரும்பாலோர் போட்டிகளில் கலந்துகொள்ளாதவர்கள். சகுராய் யாருக்காக ஆட்டத்தை வடிவமைத்தாரோ அவர்களை அது சென்றடைந்தது. ஆயினும், மிகுந்த ஈடுபாட்டுடன் காத்திருந்த சிறு பகுதியினரின் விருப்பத்திலிருந்து அது விலகிச் சென்றது என்பதும் உண்மை ஆகும்.

பின்வந்த ஆட்டங்கள்

நிண்டெண்டோ 3டிஎஸ், வீ யு ஆகிய இயந்திரங்களுக்கு 2014 ஆம் ஆண்டில் வெளிவந்த அடுத்த ஆட்டத்தில் இடறி விழும் கூறு நீக்கப்பட்டது. ஆட்டத்தின் வேகமும் பிராலுக்கும் மெலேக்கும் இடைப்பட்டதாக அமைக்கப்பட்டது. அவ்வாட்டத்தில் இணைய வழியில் மகிழ்ச்சிக்காக விளையாடுவோருக்கும் வெற்றிக்காக விளையாடுவோருக்கும் தனித்தனிப் பிரிவுகள் ஒதுக்கப்பட்டன. சகுராயை மீண்டும் இத்தொடருக்கு அழைத்துவந்த சதோரு இவாத்தா 2015 சூலை 11 அன்று காலமானார். சுவிட்ச் இயந்திரத்திற்காக 2018 டிசம்பர் 7 அன்று வெளிவந்த அல்டிமேட் என்னும் ஆட்டத்தில், பிராலில் விடுபட்ட ஐவர் உட்பட, தொடரின் முந்தைய ஆட்டங்களில் விளையாடக் கிடைத்த அனைவரும் மீண்டும் இடம்பெற்றனர்.